வண்டி சாய்ந்தால் குதிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

குடோனில் சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்ட லைசென்ஸ் பற்றிக் கேட்டிருந்தாய். அமெரிக்காவில் கார் லைசென்ஸ் மாதிரி இதை அரசாங்கம் தருவதில்லை. வேலைக்கு எடுக்கும் கம்பெனியே பயிற்சி கொடுத்து, ஓட்டவிட்டுப் பார்த்து, இவர் ஓட்டலாம் என்று பதிவு செய்ய வேண்டும். ஓஷா என்கிற அரசின் வேலையிடப் பாதுகாப்புத் துறையின் விதி இது. ஆன்லைனில் வீடியோ பார்த்து வாங்கும் சான்றிதழ் மட்டும் செல்லாது, அதற்குப் பணம் கட்டிவிடாதே. 3 வருஷத்துக்கு ஒரு முறையாவது மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்ப்பார்கள். இடையில் விபத்து நடந்தாலோ, நூலிழையில் தப்பினாலோ மறுபயிற்சி உண்டு. புரிகிற மொழியில்தான் சொல்லித்தர வேண்டும் என்பதும் விதி. எனக்கு அது பெரிய நிம்மதி.

பயிற்சியில் என் மனதில் நன்றாகப் பதிந்தது அந்த முக்கோணம்தான். நாலு சக்கரம் இருந்தாலும் வண்டி மூன்று இடத்தில்தான் நிற்கிறது: முன்சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடுப்புள்ளி ஒன்று. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்தைத் தாண்டினால் கவிழ்ந்துவிடும். சரக்கை உயர்த்தியபடி திரும்புவது அதனால்தான் அவ்வளவு ஆபத்து. எவ்வளவு தூக்கலாம் என்று வண்டியின் தகட்டில் போட்டிருக்கும் எடையையும் அப்படியே நம்பிவிடாதே. சரக்கு நீளமாக இருந்தால் மையம் முன்னால் தள்ளிப் போகும், தூக்கும் திறன் குறையும்.

அப்புறம், நீ உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் குதிக்கவே குதிக்காதே. குதிக்கத்தான் தோன்றும். ஆனால் குதித்தவர் மேலேயேதான் தலைக்கு மேலிருக்கும் அந்தக் கம்பிக் கூரை வந்து விழுகிறது. சீட் பெல்ட்டோடு உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கை இறுகப் பிடி, காலை ஊன்று, வண்டி சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக உடம்பைச் சாய். பின்பக்கமாக ஏறி நின்று ஓட்டும் வண்டிக்கு இது பொருந்தாது, அதில் பின்பக்கமாகவே இறங்கி விலக வேண்டும். வண்டியின் வகை மாறினால் புதிதாகப் பயிற்சி கேட்பது இதற்காகத்தான்.

ஷிஃப்ட் தொடங்கும் முன் பிரேக், ஹாரன், சரக்கைத் தாங்கும் ஃபோர்க், செயின், டயர், எண்ணெய்க் கசிவு எல்லாம் பார்ப்போம். கோளாறு இருந்தால் சரிசெய்யும்வரை அந்த வண்டியை எடுக்கக் கூடாது. யார் அவசரப்படுத்தினாலும் நீயும் எடுக்காதே.

உன் குடோன் வண்டியில் சீட் பெல்ட் இருக்கிறதா? தகட்டில் என்ன எடை போட்டிருக்கிறது? போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்