64 கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் ‘சரிப்பா, வெச்சுடவா’ என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு உன் அம்மா படித்துறைக்குப் போய் உன் பெயருக்கும் மஞ்சள் கயிறு வாங்கி வைத்திருக்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

ஒரு பார்சல் அனுப்புகிறேன். குழந்தைக்குக் கீழே விரிக்க ஒரு மெத்தை தைத்தேன். பிறக்குமுன் புதுத்துணி தைக்கக் கூடாது என்று உன் அம்மா ஒரே சண்டை. எல்லாம் கட்டித் துவைத்த பழசுதான் என்று பெட்டியைத் திறந்து காட்டிய பிறகுதான் விட்டாள். உன் மஞ்சள் பாவாடை, அம்மாவின் சிவப்புச் சுங்குடி, அப்பாயியின் நூல் புடவை. சுங்குடி சாயம் விடும் என்று உப்புத் தண்ணீரில் இரண்டு தடவை ஊறப்போட்டேன். ஈரத்தோடு வெள்ளைத் துணியை அழுத்திப் பார்த்தேன், ஒட்டவில்லை. பயமில்லாமல் போடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண் போனில் காட்டிய மாதிரி இது. 5 இஞ்ச் சதுரமாக வெளிர் துணியில் 32, அழுத்தமான நிறத்தில் 32. நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை சோப்புத் துண்டால் கோடு போட வேண்டும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளித் தையல். அப்புறம்தான் கோட்டின்மேல் கத்தரி. விரித்தால் இரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் பாதி வெளிர், பாதி அழுத்தம். 40 வருஷம் வெட்டிவிட்டுத் தைத்த கை, முதலில் கேட்கவே இல்லை. முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைத்த நாலு ஜோடியும் வீண். குறுக்கு வெட்டு கிராஸ் அல்லவா, மிஷின் இழுத்த இழுப்புக்கு ஓரமெல்லாம் நெளிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியைக்கூடத் தேய்த்து இழுக்கக் கூடாது, வைத்து வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நாலரை இஞ்ச்சுக்குக் கத்தரித்து, வரிசைக்கு 8, மொத்தம் 8 வரிசை. தைத்து முடித்ததும் 32 இஞ்ச் வந்தது. முனைகள் சந்திக்கும் இடத்தை விரலால் தடவிப் பார். ஓர் இடத்திலும் தவறியிருக்காது.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை, அப்பாயி புடவையின் மீதியைத்தான் மடித்து வைத்தேன். கீழே விரிக்க மட்டும். தூங்கும்போது மேலே போர்த்தாதே, முகத்தை மூடிவிடும்.

எதிர்வீட்டம்மாள் தினமும் கேட்கிறாள், பெண் எப்போது வருகிறாள் என்று. டாக்டர் சொல்ல வேண்டும் என்று உன் அம்மா சொல்லி அனுப்புகிறாள். விடிகாலையில் மைசூர் வண்டி கூவினால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். உனக்குக் கீழே 12 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அத்தனை பேரைக் கவனிக்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் கிடைக்காதா? ஐப்பசி பிறந்தால் இங்கே மழை. வருவதென்றால் அதற்கு முன்னால்தான் சௌகரியம். டாக்டரைக் கேட்டுக்கொள்.

பெட்டியைக் குடைந்தபோது அடியில் அந்த அரக்குப் பட்டு ப்ளவுஸ் பிட் கிடந்தது. உன் கூறைப்புடவையோடு திருபுவனத்தில் எடுத்தது. பொங்கல் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது, நேரமில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய், பாப்பா. அந்த வாரம் இரண்டு நாள் மிஷினைத் தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நீயாகப் பார்த்துக்கொண்ட கல்யாணத்துக்கு நான் தைப்பதா என்ற வீம்பு. தெருவில் அத்தனை கல்யாணப் பெண்ணுக்கும் தைத்தவன், என் பெண்ணைக் கடையில் வாங்கிய ப்ளவுஸோடு மணையில் உட்காரவைத்தேன். இடது தோள் இறங்கி இருந்தது. நீ அதைப் புடவைத் தலைப்பால் மூடி மூடி விட்டுக்கொண்டிருந்தாய். ஆல்பத்தைத் திறந்தால் எனக்கு அந்தத் தோள்தான் தெரிகிறது. ஒரு வார்த்தை நீ கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தப் பட்டை மெத்தையில் சேர்க்கவில்லை. குழந்தை உடம்புக்கு உறுத்தும். அதோடு அது உன்னுடையது, இன்னும் கத்தரி படவில்லை. இப்போது எடுக்கும் அளவு நிற்காது, பிரசவம் ஆகி மூன்று மாதம் போனால்தான் சரியாக வரும். பழைய அளவு ப்ளவுஸை வைத்துத் தைக்க எனக்கு இஷ்டமில்லை. நேரில் அளந்துதான் தைப்பேன். உன் அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம்.

பார்சலில் திருக்கருகாவூர் எண்ணெய் இருக்கிறது. மூடியில் மெழுகு வைத்திருக்கிறேன், சாயாமல் எடு. மெத்தையை மேலே போர்த்தாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவருக்குச் சட்டை அளவு என்ன என்று எழுது. இல்லாவிட்டால் அவரையும் கூட்டிக்கொண்டு வா, அளந்துகொள்கிறேன்.

அன்புடன்
அப்பா