தோப்பில் எரியும் புழு

உச்சிப்புளி,
கார்த்திகை மாதம்

அன்புள்ள காதர்,

கடிதம் கிடைத்தது. மருமகனுக்கு வேலை அமைந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

பெரியபட்டினம் தோப்பில் நீ எடுத்த படத்துக்கு வருகிறேன். இருட்டில் பச்சையாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஒளிரும் புழு என்று சொல்லலாம்; அதற்கு மேல் போனால் ஜோசியம். பேரன் நெட்டில் தேடி 'ரயில் புழு' என்றானாமே, ரயில் ஜன்னல் மாதிரி உடம்பில் வரிசையாக விளக்கு எரிகிற புழு, அந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. ஆனால் உடம்பு நெடுக வரிசையாகப் பொட்டுகள் எரிவது ஆசியாவிலும் இருக்கிறது. ராகோப்தால்மிடே என்று தனிக் குடும்பம், அதன் புழுக்களுக்குத் தீனி மரவட்டை. உன்னுடையதில் வரிசை இல்லை.

எங்கள் தென்னந்தோப்பிலும் மழை விழுந்ததும் இவை தலைகாட்டும். போன வாரம் டார்ச் அடித்து ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். கரும்பழுப்பு உடம்பு, ஓடு வேய்ந்த மாதிரி தகடு தகடாக. தலையை முதல் தகட்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. வாலுக்குச் சற்று முன்னே அடிப்பக்கம் இரண்டு பொட்டு வெளிச்சம். ஒரு நத்தையைக் கடித்துவிட்டு விலகியது, மறுபடி கடித்தது. நத்தை நுரை தள்ளி ஓய்ந்த பிறகு தலையை ஓட்டுக்குள் விட்டுச் சதையைக் கரைத்து உறிஞ்சியது. அப்புறம் வால் நுனியிலிருந்து வெள்ளையாகச் சின்னச் சின்ன விரல்கள் விரிந்தன. உடம்பை வளைத்து, முகத்தில் அப்பிய கோழையை அவற்றால் துடைத்துக்கொண்டது. என்ன சுத்தம்!

மின்மினிக் குடும்பமான லாம்பிரிடேயின் இளம்புழு அது. சில இனங்களில் வளர்ந்த பெட்டைக்கும் சிறகு கிடையாது, பார்க்கப் புழு மாதிரியே இருக்கும். குழப்பம் தீரக் காலைப் பார்க்க வேண்டும். இளம்புழுவுக்குக் கால் நுனியில் ஒற்றை நகம். வளர்ந்ததற்கு இரட்டை நகம், கூட்டுக்கண்ணும் உண்டு.

லாம்ப்ரிஜெரா டெனிப்ரோசாவா என்று கேட்டிருக்கிறாய். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள மின்மினி இனம்தான். ஆப்பிரிக்க நத்தைக்கு அது எதிரி என்று இலங்கை விவசாயத் துறை 1924லேயே வெளியிட்டிருக்கிறது. நமக்கு எதிர்க்கரைதானே, அந்தப் பெயரை எழுதிவிட ஆசை வரத்தான் செய்யும். எனக்கு ஒப்பவில்லை. சிறகுள்ள ஆண் கிடைத்து, அதன் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் பல மின்மினிகளுக்குப் பெயர் உறுதி செய்கிறார்கள். இப்போதைக்கு லாம்பிரிடே என்று எழுதி நிறுத்து.

அடுத்த முறை பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து மேலும் கீழும் எடு. கால் தெளிவாக விழட்டும். பெட்டையாக இருந்து ஆண் தேடி வந்தால் இரண்டையும் சேர்த்து எடுத்துவிடு, பாதி வேலை முடிந்தது. பாட்டிலில் மட்டும் அடைக்காதே.

பொங்கலுக்கு வருகிறாய்தானே? ராத்திரி தங்குகிற மாதிரி வா.

உன்,
முருகேசன்