ஒட்டிய ஒரு மணி நேரத்தில் கிரவுட் பூசச் சொல்லும் உங்கள் மொசைக் பெட்டி பற்றிய புகார்

அனுப்புநர்: உங்கள் கைவினைப் பெட்டியை வாங்கிய வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வண்ணம் தீட்டுதல், ஓவியம், மொசைக் (சில்லுகளை ஒட்டிச் செய்யும் படம்) மூன்றும் அடங்கிய வீட்டுப் பெட்டியின் குறைகளும் செய்முறைத் தாளின் பிழைகளும் – பணத்தைத் திருப்பித் தரவும் தாளைத் திருத்தவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். முதல்முறை செய்பவரும் ஒரே மாலையில் முடிக்கலாம், வேறெதுவும் வாங்க வேண்டாம் என்று உங்கள் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் பொருள்களை வைத்து, தாளில் சொன்னபடி பிசகாமல் செய்தால் மொசைக் கெட்டுத்தான் போகும். எங்கே கெடுகிறது, ஏன் கெடுகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் அளவு. பலகை 20 × 20 செ.மீ.; கண்ணாடிச் சில்லு 1 செ.மீ. சதுரம், 4 மி.மீ. தடிமன். நீங்கள் சொல்லும் 2 மி.மீ. இடைவெளி விட்டால் வரிசைக்கு 16 வீதம் 256 சில்லுகள் வேண்டும். வெட்டும்போது உடைபவற்றுக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 280. பெட்டியில் இருந்தவை 200. சில்லுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் சிமென்ட் கலவையான கிரவுட்டும் போதாது. சில்லுகள் போக மீதி இடம் 144 சதுர செ.மீ.; அதை நிரப்ப 57 கன செ.மீ.க்கு மேல் கலவை தேவை. 50 கிராம் பொட்டலத்தைக் குழைத்தால் ஏறத்தாழ 35 கன செ.மீ.தான் கிடைக்கும்.

அளவுக் குறையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பசை விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது பெரிய தவறு. பெட்டியில் இருப்பது தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறினால்தான் அது இறுகும். கண்ணாடி ஈரத்தை விடாது; பலகையின் வழியாகவும் சில்லுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகவும்தான் ஈரம் போக வேண்டும். ஒட்டிய ஒரு மணி நேரத்தில் கிரவுட் பூசினால் அந்த இடைவெளியும் அடைபடுகிறது. போதாததற்குக் கிரவுட்டின் தண்ணீர் பசையை மறுபடி இளக்குகிறது. தேய்க்கும்போதே சில்லுகள் நகர்கின்றன, சில நாளில் பெயர்ந்து வருகின்றன. குறைந்தது 24 மணி நேரம் காய விட வேண்டும். ஈரக்காற்று உள்ள நாளில் அதற்கும் மேல். இதே தாளின் பின்பக்கம், முடித்த பலகையைத் தோட்டத்தில் மாட்டலாம் என்கிறது. வெள்ளைப் பசையில் ஒட்டியது மழைக்கு நிற்காது. வெளியே வைப்பதற்குச் சிமென்ட் வகைப் பசையும், தண்ணீர் ஏறாத அடிப்பலகையும் வேண்டும்.

அடிப்பலகை 3 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை). மேல்பக்கம் மட்டும் ஈரம் குடித்து உப்புவதால் பலகை வளைகிறது, வளையும்போது கிரவுட்டில் விரிசல் ஓடுகிறது. குறைந்தது 6 மி.மீ. பலகை தந்து, தண்ணீர் கலந்த பசையை இரு பக்கமும் ஓரங்களிலும் பூசிக் காய வைக்கச் சொல்லியிருந்தால் இது நேராது.

கிரவுட் தூளை விரலில் தேய்த்தால் மணல் நறநறக்கிறது. மணல் கலந்த வகை அகல இடைவெளிக்கானது, 2 மி.மீ. சந்துக்குள் சரியாக இறங்காது, கண்ணாடியையும் கீறும். இதற்கு மணலில்லாத வகையைத்தான் தந்திருக்க வேண்டும். அதையும் ஊற்றும் பதத்தில் கரைக்கச் சொல்கிறீர்கள். அதிகத் தண்ணீர் ஆவியாகும்போது நுண்துளை விட்டுச் செல்கிறது. கிரவுட் சுருங்கி, வெடித்து, தொட்டால் மாவாய் உதிர்கிறது. பற்பசைப் பதமே சரி. தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குழைத்து, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டு, மேலும் தண்ணீர் சேர்க்காமல் ஒருமுறை கிளறிப் பூச வேண்டும். 15–20 நிமிடத்துக்குப் பின், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் சாய்வாகத் துடைக்க வேண்டும். நேராக இழுத்தால் சந்திலிருக்கும் கிரவுட்டும் சேர்ந்து வந்துவிடும்.

மீந்த கலவையைத் தொட்டியில் ஊற்றிக் கழுவச் சொல்லும் வரியை உடனே நீக்குங்கள். சிமென்ட் தண்ணீருக்கடியிலும் இறுகும், குழாய் அடைத்துக்கொள்ளும். மீந்ததைத் தாளில் வழித்து, இறுகிய பின் குப்பையில் போட வேண்டும். சிமென்ட் தோலை அரிக்கும் என்பதோ, தூளைக் குழைக்கும்போது முகக்கவசம் வேண்டும் என்பதோ, கண்ணாடி வெட்டும்போது கண்ணுக்குக் காப்பு வேண்டும் என்பதோ தாளில் எங்குமே இல்லை. பெட்டியில் கையுறைகூட இல்லை. குழந்தைகளும் கை வைக்கும் பெட்டி இது என்பதால் எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பகுதிதான். வெட்டத் தந்திருப்பதோ சாதாரணக் குறடு, கண்ணாடியை நொறுக்குகிறது. இரட்டைச் சக்கரம் வைத்த நிப்பர் என்னும் வெட்டுக் குறடுதான் கண்ணாடிச் சில்லுக்கு ஏற்றது.

மற்ற இரண்டு பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்ணம் தீட்டும் தாள் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மெல்லிய தாள்; அதிலும் இரு பக்கமும் படம். உடன் வந்த ஸ்கெட்ச் பேனாவின் மை பின்பக்கம் ஊறி அடுத்த படத்தைக் கெடுக்கிறது, இரண்டாம் முறை தேய்த்தால் தாள் நூல் நூலாகப் பிரிகிறது. கலர் பென்சிலுக்கு அந்தத் தாள் ஓரளவு தாங்கும், பேனாவுக்குத் தாங்காது. அக்ரிலிக் வண்ணம் தோய்ந்த தூரிகையை டர்பன்டைனில் கழுவச் சொல்கிறீர்கள். அது எண்ணெய் வண்ணத்துக்கான முறை. அக்ரிலிக்குக் காய்வதற்கு முன் தண்ணீரும் சோப்பும் போதும், காய்ந்த பின் தூரிகை மீளாது. வண்ணக் குழாய்களில் எந்த நிறமி என்று காட்டும் குறியீடும் இல்லை. சிவப்பு என்று மட்டும் எழுதியிருப்பது ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதோடு நீலம் கலந்தால் ஊதாவுக்குப் பதில் மண்நிறம்தான் வருகிறது.

புதிதாகத் தொடங்குபவர் இவற்றுக்கெல்லாம் உங்கள் பெட்டியைக் குறை சொல்லமாட்டார். தனக்குக் கை வரவில்லை என்று நினைத்து விட்டுவிடுவார். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பெட்டிக்கான முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். திருத்திய செய்முறைத் தாளை, காய விடும் நேரம், கலவைப் பதம், பாதுகாப்பு, மீந்ததை அகற்றும் முறை ஆகியவற்றோடு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் அனுப்ப வேண்டும். அதுவரை இந்தப் பெட்டியின் விற்பனையை நிறுத்தி வைக்கவும் கேட்டுக்கொள்கிறேன். வளைந்த பலகை, பெயர்ந்த சில்லுகள், உதிர்ந்த கிரவுட், செய்முறைத் தாளின் இரு பக்கங்கள் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தேவை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்