கடையை எண்ணினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வருமானம் குறைந்த நாடுகளில் மக்களின் உணவுச் சூழலை அளப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஓர் ஊரில் என்ன கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்க்க இத்தனை பேர் மெனக்கெடுவது மகிழ்ச்சி. ஆனால் கேரள எல்லையை ஒட்டிய எங்கள் புளியரை, செங்கோட்டைப் பக்கம் கடைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால் உண்மை நிலவரம் பிடிபடாது. இங்கே எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பதே முக்கியம்.

அமெரிக்காவில் உருவாகி 2007இல் வெளியான 'நெம்ஸ்' என்ற முறையில், கணக்கெடுப்பவர் கடைக்குள் போய்ப் பழம் இருக்கிறதா, கொழுப்பு குறைந்த பால் இருக்கிறதா, விலை என்ன என்று குறித்துக்கொள்வார். கடை ஒரே இடத்தில் நிற்கும், விலை ஒட்டியிருக்கும் ஊருக்கு அது சரி. எங்களுக்குக் காய் தள்ளுவண்டியில் வருகிறது. கேரளக் கரையிலிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாளை மீன், பைக்கின் பின்னால் கட்டிய பெட்டியில் தெருத்தெருவாகப் போய் முற்பகலுக்குள் தீர்ந்துவிடும். மதியம் வருகிற கணக்கெடுப்பாளர் 'மீன் இல்லை' என்றுதான் எழுத முடியும்.

ஆவணி மாதத்தைப் பாருங்கள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு எப்போதும் காய் போகும். ஓணம் நெருங்கினால் வாங்கும் வேகம் கூடி விலை சட்டென்று ஏறும். அது விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய காசு, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அதே வாரம், கத்தரிக்காய் விளைந்த ஊரிலேயே கூலி வேலை செய்பவர் அரைக் கிலோ வாங்கும் இடத்தில் கால் கிலோ வாங்குகிறார். ஆரோக்கியமான சாப்பாட்டுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு என்ன செலவாகும் என்று ஐ.நா. அமைப்புகள் 2020 முதல் ஆண்டறிக்கையில் சொல்லி வருகின்றன. அது ஒரு நாடு முழுவதற்கும் ஒரே தொகை. எங்கள் ஓண வாரம் அதில் எங்கே தெரியப்போகிறது?

இன்னொன்று, பற்று, அதாவது கடனுக்குச் சாமான் வாங்குவது. உணவுச் சூழலில் வெளியே இருப்பது வேறு, ஒருவர் கைக்கு எட்டுவது வேறு என்று 2018இல் ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். மிகச் சரியான பிரிவு அது. பீடி சுற்றும் பெண்ணுக்கு வாரக் கடைசியில்தான் பணம் கைக்கு வரும். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் தருகிற பெட்டிக்கடைதான் அவருடைய சந்தை. அங்கே தக்காளி, வெங்காயம், முட்டை இருக்கும், கண் மட்டத்தில் பத்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட் சரம்சரமாகத் தொங்கும். கீரை இருக்காது, வாடிவிடும் என்று கடைக்காரர் எடுப்பதில்லை. உழவர் சந்தையில் கீரை மலிவுதான். ஆனால் அங்கே கைக்காசு வேண்டும், காலையிலேயே போயாக வேண்டும்.

அரிசிக் கவலை பெருமளவு தீர்ந்திருக்கிறது. ரேஷனில் அரிசி விலையில்லாமலும், 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் கிடைக்கிறது. அப்படியும் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கணவாய்க்கு அந்தப் பக்கம், கேரளத்தில் 36.3 சதவீதம். இந்த இடைவெளிக்குக் காரணம் பல இருக்கலாம். சோற்றோடு தட்டில் என்ன சேர்கிறது என்பதும் அதில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

அதனால் நம் மாவட்டத்தில் இப்படி ஓர் ஆய்வு நடந்தால், ஒரே தெருவுக்குக் காலை ஏழு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போக வேண்டும். சாதாரண மாதத்தில் ஒருமுறை, ஓண வாரத்தில் ஒருமுறை போக வேண்டும். எந்தக் கடையில் பற்று உண்டு என்று கேட்க வேண்டும். நேற்றுச் சாப்பிட்டது பத்து உணவு வகைகளில் எத்தனை என்று பெண்களிடம் கேட்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது, அதையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். இதற்கு எங்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைப் பழக்கினாலே போதும். மீன்காரர் எந்தத் தெருவுக்கு எப்போது வருவார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.