செயலாளர் ஆண்டறிக்கை: விதியும் குணமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. நூலகப் பிரிவும் மாலை வகுப்பும் வழக்கம்போல் இயங்கின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்க நம்மைப் பேச வைத்த கேள்விக்கே வந்துவிடுகிறேன். சமூகம் சீராவது நல்ல அமைப்புகளாலா, நல்ல மனிதர்களாலா?

அமைப்பின் பக்கம் பேசியவர்கள் நியூயார்க்கைக் காட்டினார்கள். அங்குள்ள ஐ.நா. தூதர்கள் தடை செய்த இடத்தில் வண்டி நிறுத்தினாலும் முன்பு அபராதம் வசூலிக்க முடியவில்லை. சட்டப் பாதுகாப்பு உண்டு. 1997 முதல் 2002 வரை அவர்கள் கட்டாமல் விட்ட அபராதச் சீட்டுகள் 1,50,000-ஐத் தாண்டின. 2002 இறுதியில், நம்பர் பிளேட்டைப் பறிக்கும் அதிகாரம் மாநகராட்சிக்குக் கிடைத்ததும் மீறல்கள் ஏறத்தாழ 98 சதவீதம் குறைந்தன.

சரி, விதிதான் எல்லாம் என்று முடித்துவிடலாமா? கேட்பாரில்லாத அந்த ஆண்டுகளிலும் சுவீடன், நார்வே தூதர்கள் ஒரு பாக்கிகூட வைக்கவில்லை. அந்த நேர்மையும் அவர்கள் நாட்டு அமைப்புகளுக்குள் வளர்ந்து ஊறியதுதானே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். இந்த ஆண்டு நான் கேட்டவற்றில் ஆகச் சிறந்தது அதுதான்.

அப்புறம், மேலிருப்பவர் சொன்னால் மனிதர் எதுவரை கீழ்ப்படிவார் என்று பார்த்த உளவியலாளர் மில்கிராமின் சோதனை. 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி பொய் என்பது கொடுத்தவர்களுக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். இன்னொரு முறை, கூட இருந்த இருவரை முன்னேற்பாட்டின்படி மறுத்து எழச் செய்தார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர்தான். முதலில் மறுப்பவர் மற்றவர்களின் வாயையும் திறந்துவிடுகிறார்.

நம் செயற்குழுவிலேயே இதைப் பார்த்தோம். ரசீது இல்லாத செலவுத்தாள் ஒன்று கையெழுத்துக்கு வந்தது. தெரிந்தவர்தானே என்று எல்லோரும் சும்மா இருக்க, புதிதாகச் சேர்ந்த இளைய உறுப்பினர் “ரசீது வேண்டாமா?” என்றார். உடனே பக்கத்தில் இருந்தவரும் கேட்டார், பிறகு எதிரே இருந்தவரும். தாள் திரும்பிப் போனது; மறுநாளே ரசீது வந்தது. அவரை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் துணிந்து கேட்க வேண்டியிருப்பது அவருக்கு நாம் செய்யும் அநியாயம்.

ஆகவே ரசீதும் இரண்டு கையெழுத்தும் இல்லாமல் எந்தச் செலவும் இல்லை, மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் முன்வைக்கிறேன். பேரவை விவாதித்து வாக்களிக்க வேண்டுகிறேன்.