மாமரத்தைத் தறிக்க வேண்டாம், விதைப் பக்கற்றை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் அண்மையில் வந்த வீட்டுத்தோட்டக் கட்டுரையை எங்கள் ஒழுங்கையில் பலரும் வாசித்தோம். பாத்தி கட்டுவது, கூட்டெரு போடுவது எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. வளவில் நிழல் விழுந்தால் மரத்தை எடுத்துவிடுங்கள் என்று போகிற போக்கில் சொன்னதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதை நம்பி யாராவது நாளைக்கே வாளைத் தூக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் இதை எழுதுகிறேன்.

பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பங்குனி, சித்திரையில் வெட்டவெளியில் நட்ட மிளகாய்க் கன்று மத்தியானம் இலை சுருண்டு நிற்கிறது. தக்காளிப் பழத்தில் வெயில் படும் பக்கம் வெளிறி வெந்துபோகிறது. இதற்கென்றே இப்போது கடைகளில் பச்சை நிழல்வலை மீற்றர் கணக்கில் விற்கிறார்கள். ஒரு வீட்டில் மாமரத்தைத் தறித்து விறகாக்கிவிட்டு, கொஞ்ச நாளில் அதே இடத்தில் குழாய் நட்டு நிழல்வலை கட்டியிருந்ததைக் கண்டேன். காசு கொடுத்து வாங்கிய அந்த நிழலில் மாங்காய் காய்க்காது.

நிழல் முழுவதும் மரத்தால் வருவதும் இல்லை. பூவரசும் கிளுவையும் நின்ற வேலி வெளிச்சத்தை உள்ளே விட்டது, பாத்திக்குக் குழையும் தந்தது. இப்போது பாதி வீடுகளில் அந்த இடத்தில் மதில். பக்கத்து வீட்டு மேல்மாடி வேறு. அந்த நிழலை எந்த வாளால் அறுப்பது?

ஆகவே முதல் வேலை, நிழல் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பதுதான். கனடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் தோட்ட வீடியோக்கள் இந்த விஷயத்தில் எங்களுக்கு உதவாது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே நிற்கும். யாழ்ப்பாணத்திலோ சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஒருமுறையும், ஆவணியில் நல்லூர்த் திருவிழாக் காலத்தை ஒட்டி மறுமுறையும் அது நேர் உச்சிக்கு வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆறடி மதிலின் நிழல் மார்கழி நடுப்பகலில் வடக்கே ஏறத்தாழ நாலடி நீளும். ஆனி நடுப்பகலில் அதே மதிலின் நிழல் தெற்கே ஒன்றரை அடிதான். அதாவது மதிலுக்கு வடக்குப் பக்கத்துத் துண்டு நிலம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் நல்ல வெயில் நிலம், மாரியில் நிழல் நிலம். ஒரே பாத்தியில் ஆனியில் பயிற்றையும் மார்கழியில் கீரையும் போடலாம் என்பது இதைப் பார்த்தால் விளங்கும்.

எத்தனை மணித்தியாலம் வெயில் விழுகிறது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். நாலு தடியை நட்டுவிட்டு, காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை இடையிடையே எட்டிப் பார்த்தால் போதும். காய்க்க வேண்டிய கத்தரி, மிளகாய், வெண்டி, தக்காளிக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். இலைக்கறிக்கு மூன்று, நாலு போதும். அதிலும் காலை வெயில் நல்லது. கிழக்கே திறந்து மேற்கே மரம் நிற்கும் இடம் வளவில் இருந்தால் அதை விடக்கூடாது; பங்குனியில்கூட அங்கே மிளகாய் வாடாது.

சரி, அரைநிழலில் என்ன வரும்? எங்கள் சமையலில் பாதி வரும். வல்லாரைக்கு ஈரமும் நிழலும் இரண்டும் வேண்டும். கிணற்றடியில், குளித்த தண்ணீர் ஓடாமல் கிணற்றுத் தண்ணீர் மட்டும் கசிகிற பக்கத்தில் நாலு தண்டு வைத்தால், படர்ந்து காலைச் சம்பலுக்குக் குறைவில்லாமல் தரும். பொன்னாங்காணித் தண்டை ஒடித்து நட்டால் ஒரு மாதமளவில் வறைக்கு அரியலாம். அடிக்கட்டையை விட்டு அரிந்தால் திரும்பத் தழைக்கும். பசளி நிழலில் இன்னும் அழகு. வெயிலில் சிறுத்துத் தடிக்கும் இலை, தென்னங்கீற்றின் இடையால் விழும் புள்ளி வெயிலில் உள்ளங்கை அகலத்துக்கு விரியும். வேலியிலோ மதிற் கம்பியிலோ முசுட்டையும் தூதுவளையும் ஏற்றிவிட்டால் அவை யாரையும் எதிர்பார்ப்பதில்லை. மல்லிக்கீரை வெயிலில் சட்டென்று பூத்துவிடும், நிழலில் இன்னும் சில நாள் இலையாகவே நிற்கும். இஞ்சி, மஞ்சள் இரண்டுக்கும் எட்டு, ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். 2020இல் மஞ்சள் இறக்குமதி நின்று கிலோ ஆயிரக்கணக்கில் விற்ற காலத்தில், முருங்கைக்குக் கீழே நாலு கிழங்கு வைத்திருந்த வீட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று தெரிந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இராசவள்ளி. அடி நிழலில் கிடக்கும், கொடி மரத்தைப் பற்றி ஏறித் தனக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தானே தேடிக்கொள்ளும். தைக்கு அண்மையில் கொடி காய்ந்ததும் கிண்டினால் கஞ்சிக்குக் கிழங்கு. மரம் உள்ள வளவுக்கென்றே பிறந்த பயிர் அது.

முளைக்கீரையைக் கடும் நிழலில் போடவேண்டாம். தண்டு மெலிந்து நெட்டையாக எழும்பி, தண்ணீர் விட்டதும் சரிந்து படுத்துவிடும். புளிக்குக் கீழே எதையும் முயலாமல் இருப்பது நல்லது.

மரத்தடியில் வெளிச்சத்தைவிட வேர்தான் பெரிய தொல்லை. விடுகிற தண்ணீரையும் எருவையும் மாமரம் முதலில் எடுத்துக்கொள்ளும். உரப்பையில் மண் நிரப்பி நிலத்தில் வைத்தாலும் விடாது. சில மாதம் கழித்துப் பையைத் தூக்கினால் வராது. அடி ஓட்டையால் மாவேர் உள்ளே ஏறி, மண்ணைச் சுற்றி நார்நாராகப் பின்னியிருக்கும், கத்தியால் அறுத்துத்தான் பையை எடுக்க வேண்டும். இரண்டு கல்லின்மேல் பையை ஏற்றி வைத்தால் இந்தக் கரைச்சல் இல்லை. மரத்தின் கீழ்க்கொப்புகளை மட்டும் கழித்துவிட்டால் சாய்வெயிலும் உள்ளே வரும், காற்றும் ஓடும்.

மாரியில் நிழற்பாத்திக்கு நத்தை வரும். இரவில் டோர்ச்சுடன் போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. தண்ணீரைக் காலையில் விடுவது நல்லது. பின்னேரம் விட்டால் இலை இரவு முழுக்க ஈரமாகக் கிடந்து பூஞ்சணம் பிடிக்கும்.

யூரியாவைப் பற்றியும் அந்தக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். நிழலில் கீரை மெதுவாக வளர்கிறது என்று ஒரு பிடி யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறும். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடியால் அந்த நைத்திரேற்றை முழுவதும் பயன்படுத்த முடிவதில்லை, இலையிலேயே தேங்கிவிடும். மீதி எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தால் இறங்கிக் கிணற்றுக்குப் போகும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடப்பது பல காலமாக ஆய்வாளர்கள் சொல்லிவரும் விஷயம். கிணற்றடியில் வல்லாரை வைக்கிறவர்கள் சாணி எருவும் சருகும் போட்டால் போதும்.

இனி, நான் உண்மையில் கேட்க வந்த விஷயம். 2022இல் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டில் பயிரிடச் சொன்னார்களே, அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கும் விதைப் பக்கற்றுகள் வந்தன. கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை, தக்காளி. ஐந்தும் வெயிற்பயிர். கொடுத்தவர்களின் நோக்கத்தில் பிழையில்லை. ஆனால் ஒன்றரைப் பரப்புக் காணியில் வீடு, கிணறு, இரண்டு தென்னை, ஒரு மா நிற்கிற குடும்பம் அவற்றை எங்கே போடுவது? முளைத்தது, நெடுத்தது, பூக்கவில்லை. தோட்டம் தங்களுக்குச் சரிவராது என்று சனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். அதன் பிறகு வந்த பக்கற்றுகளிலும் பெரிய மாற்றத்தைக் காணவில்லை.

விதை கொடுக்கும் அலுவலர்கள் இதை வாசித்தால் ஒரு சின்ன வேண்டுகோள். நிழல் வளவுக்காரருக்குத் தனியாக ஒரு பொதி தாருங்கள். பசளி விதை, பொன்னாங்காணித் தண்டு, வல்லாரைத் தண்டு, இஞ்சியும் மஞ்சளும் கொஞ்சம், ஓர் இராசவள்ளித் துண்டு. தண்டையும் கிழங்கையும் பக்கற்றில் அடைக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் இவை யாராவது ஒருவர் வளவில் நிற்கின்றன. ஒரு பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடினால் கைமாறிவிடும்.

தங்கள் பத்திரிகையும் அடுத்த கட்டுரையில் மாதவாரியாக நிழல் விழும் திசையைப் படம் போட்டுக் காட்டினால் உதவியாக இருக்கும். பங்குனி முடிவதற்குள் வந்தால் நல்லது. இராசவள்ளி நடுகை சித்திரையில் தொடங்கிவிடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கொக்குவில்.