எல்லா இசெட்டாவும் ஒரே வண்டி அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழைய குட்டிக் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அதில் இசெட்டா என்ற குட்டிக் காரைப் பற்றிய பகுதி மட்டும் உறுத்தலாக இருக்கிறது. '1955 பி.எம்.டபிள்யூ இசெட்டா' என்று போட்டிருக்கும் படத்தில் இருப்பது பின்னால் வந்த வண்டி. பக்கக் கண்ணாடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

1955-ல் வந்த வண்டிகளில் அந்தக் கண்ணாடி பெரியது. பின்பக்கம் வரை வளைந்து போகும், திறக்க முடியாது. அதற்கு முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியை மட்டும் திறக்கலாம். காற்று வேண்டுமென்றால் அதையும் துணிக் கூரையையும்தான் நம்ப வேண்டும். (அந்தக் கூரை வெறும் அலங்காரம் இல்லை. இருப்பது ஒரே கதவு, அதுவும் முகப்பில். மோதலில் கதவு சிக்கிக்கொண்டால் வெளியேறக் கூரைதான் வழி.) தள்ளித் திறக்கும் கண்ணாடி 1956-ன் பிற்பகுதியில்தான் வந்தது. உங்கள் படத்தில் இருப்பது அந்தக் கண்ணாடி.

இத்தாலிக்காரர்களின் வண்டியில் பி.எம்.டபிள்யூ தன் முத்திரையை ஒட்டி விற்றது என்று எழுதியிருப்பதும் சரியில்லை. ரென்சோ ரிவோல்டாவின் ஐஸோ நிறுவனம் 1953-ல் டூரின் கண்காட்சியில் காட்டிய வண்டியில் இருந்தது 236 சி.சி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு பிஸ்டன்களுக்கும் சேர்த்து ஒரே எரியறை, 9.5 குதிரைத்திறன். பி.எம்.டபிள்யூ உரிமத்தையும் பாடித் தகடுகளை உருவாக்கும் அச்சுகளையும் வாங்கிக்கொண்டு, தன் மோட்டார் சைக்கிளில் இருந்த ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை இதற்கேற்ப மாற்றிப் பொருத்தியது. 247 சி.சி., 12 குதிரைத்திறன். அதற்காக வண்டியின் உள்கட்டமைப்பையே திருத்தினார்கள். ஹெட்லைட்டும் மேலே ஏறியது. வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும், ஒன்றின் பாகம் மற்றதில் அநேகமாகப் பொருந்தாது.

பின்சக்கர விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. ஐஸோவின் முதல் மாதிரியில் பின்னால் ஒரே சக்கரம்தான். வண்டி கவிழும் அபாயம் இருந்ததால் சுமார் 48 செ.மீ. இடைவெளியில் இரண்டாக்கினார்கள். அப்புறம் 1957 முதல் இங்கிலாந்தின் பிரைட்டனில், பழைய ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் தயாரானபோது மறுபடியும் ஒற்றைச் சக்கரம் வந்தது. மூன்று சக்கர வண்டி என்றால் அன்று அங்கே வரி குறைவாக இருந்தது, மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதுமானதாக இருந்தது. ஸ்டீயரிங் வலப்பக்கம் போனதும் ஓட்டுபவரும் இன்ஜினும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அதைச் சமன்செய்ய இடப்பக்கம் தனியாக எடை வைக்க வேண்டியிருந்தது!

இதையெல்லாம் நுணுக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் இப்படிப்பட்ட படங்களைத்தான் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். படக்குறிப்பு தவறினால் 1955 வண்டிக்கு 1957 பாகத்தைத் தேடி அலைவார்கள். கிடைத்ததை மாட்டினால் அசல் நிலையில் மிஞ்சியிருக்கும் ஆரம்பகால வண்டிகளில் ஒன்று குறைந்ததாகத்தான் அர்த்தம்.

அடுத்த முறை ஆண்டோடு சேர்த்து எந்த ஊரில் தயாரானது என்பதையும் போடுங்கள். பின்பக்கப் படம் ஒன்றும் இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்